ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்கவும்

அந்தக் கட்டுமான இடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேல்வீட்டுக்காரி என்றுதான் சொல்வார்கள். எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் தலைக்கும் மேலே, டவர் கிரேனின் உச்சியில், நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். கம்பியோ, பலகையோ, கான்கிரீட்டோ, கீழே கிடக்கிற எதுவும் மேலே போக வேண்டுமென்றால் மேல்வீட்டுக்காரி மனசு வைக்க வேண்டும். "வீட்டு வாடகை எவ்வளவும்மா?" என்று கம்பி கட்டுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "காத்தும் வெயிலும் ஓசி. வாடகைய மட்டும் மேனேஜர் என் உடம்புலேர்ந்து எடுத்துக்கிறாரு" என்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் அதைவிட நீளம். அது வீண் கோபமில்லை.

கல்யாணத்துக்கு முன்பு, சாமான் ஏற்றும் லிஃப்டில் பொத்தான் அமுக்குகிற வேலையில்தான் சேர்ந்தாள். அங்கிருந்து தலையைத் தூக்கினால் கிரேன் தெரியும். அதை ஓட்டுகிறவர் இறங்கி நடந்து வந்தால் இன்ஜினியர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்றைக்கே அந்த நாற்காலி மேல் கண் வைத்துவிட்டாள். பயிற்சிக்குப் போய் நின்றபோது, பெண்களுக்கு அவ்வளவு உயரத்தில் தலை சுற்றும் என்றார்கள். பரீட்சையில், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய வாளியைக் கொக்கியில் மாட்டி, மைதானத்தின் மறு கோடியில் சிந்தாமல் இறக்கி வைக்கச் சொன்னார்கள். அவளுக்கு முன்னால் போனவர்கள் வழி நெடுக நனைத்துவிட்டார்கள். அவள் இறக்கிய வாளிக்குள் அதிகாரி குனிந்து பார்த்து, தன் முகத்தையே பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தலை சுற்றுகிற பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

தையல் மிஷின் ரிப்பேர் செய்கிற அவள் புருஷனுக்கு இதில் சொல்லி மாளாத பெருமை. கடைக்கு வருகிறவர்களை வாசலுக்கு இழுத்துவந்து, தூரத்தில் தெரிகிற கிரேனைக் காட்டி, "அதோ, அங்க உக்காந்திருக்கிறது எங்க வீட்டம்மா" என்பார். "பாத்துப் பேசுங்க. மேலேர்ந்து எல்லாம் தெரியும் அவளுக்கு."

எல்லாம் தெரிந்தது. அவளுக்கு ஒன்றுக்கு வந்தால் எங்கே போவாள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கிரேனைச் செய்தவர்கள் காற்றின் வேகத்தைக் கணக்கில் எடுத்திருந்தார்கள், இடி மின்னலை எடுத்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பது சிறுநீர் கழிக்கிற ஓர் உயிர் என்பதை மறந்துவிட்டார்கள். ஆண் ஆபரேட்டர்கள் பாட்டிலை வைத்து ஒப்பேற்றினார்கள். அவள் என்ன செய்வாள்? கூண்டிலிருந்து ஏணி வழியே இறங்கி, கட்டடத்தின் மேல் தளத்தோடு கிரேனைச் சேர்க்கிற சின்னப் பாலத்தைத் தாண்டி, லிஃப்டுக்குக் காத்திருந்து தரைக்கு வந்து, பின்பக்க வேலியோரத்தில் தாழ்ப்பாள் இல்லாத வரிசைக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். ஆண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் நகர்கிற வரை முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அத்தனை உயரமும் திரும்ப ஏற வேண்டும்.

மேனேஜரின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கழிப்பறை இருந்தது. நீலநிற பிளாஸ்டிக் கூண்டு. உள்ளே கண்ணாடி, கை கழுவத் தொட்டி, வாசனைக்கு ஒரு டப்பா. வெளியே பூட்டு. வெள்ளைச் சட்டையில் வருகிற விருந்தாளிகளுக்கு மட்டும் அது திறக்கும். சாவி மேனேஜரின் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இறங்கத்தான் செய்தாள். ஒருநாள் மேனேஜர் லிஃப்ட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒரு தடவை இறங்கினா இங்க அத்தனை பேரும் சும்மா நிக்கணும்மா. கான்கிரீட் லாரி காத்துக்கிட்டு நிக்குமா? இறுகிப்போயிடும். கொஞ்சம் அனுசரிச்சுக்கங்க."

அனுசரித்துக்கொண்டாள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே பெண்களின் உடம்பில் பாதியைத் தின்றுவிடுகிறார்கள். காலையில் அரை டம்ளர் டீ. அதற்குமேல் சாயங்காலம் வரை தொண்டையில் ஒன்றும் இறங்காது. தண்ணீர் பாட்டிலைக் கூண்டுக்கு எடுத்துப் போவதையே நிறுத்திவிட்டாள். பார்த்தால் குடிக்கத் தோன்றும். குடித்தால் இறங்கத் தோன்றும். கூண்டின் குளிர்சாதனம் எப்போதோ செத்துவிட்டது. சரிசெய்ய ஆள் வருவார், வருவார் என்றே காலம் போய்க்கொண்டிருந்தது. மத்தியான வெயிலில் கண்ணாடிக்குள் அவள் வெந்துகொண்டிருந்தாள்.

முதலில் எரிச்சல். பிறகு அடிவயிற்றில் குத்தல். சொட்டுச் சொட்டாகப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொள்வாள். அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சோதித்துவிட்டு, சிறுநீர்ப் பாதையில் தொற்று என்று மாத்திரை எழுதினார். "நிறைய தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மாத்திரையில் சரியாகும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். திரும்ப மாத்திரை, திரும்ப எரிச்சல். "ரெண்டு நாள் லீவு போட்டுப் படுத்துக்கோயேன்" என்பார் புருஷன். லீவு போட்டால் மாற்று ஆபரேட்டர் அந்த நாற்காலியில் உட்காருவார். எழுந்திரிப்பார் என்பதற்கு யார் உத்தரவாதம்? எத்தனை பேர் வாயை அடைத்து வாங்கிய நாற்காலி அது. ஒரு சிறுநீருக்காக அதை விடுவதா என்று நினைத்தால் அவளுக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஊழியர் நல அதிகாரி அம்மா வந்தார். தலையில் புதுத் தொப்பி, விலைச் சீட்டைக்கூடக் கிழிக்காமல். கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டினார். நம் உடம்பில் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம். அவற்றை வயிற்றுக்கு மட்டும் நல்லது என்று நினைப்பது பழைய காலமாம். ஒரு ரகம் மனசை அமைதியாக்கும், இன்னொன்று தூக்கம் கொடுக்கும், ஒன்று தோல் அரிப்பைத் தணிக்கும், ஒன்று சளி பிடிக்காமல் காக்கும், ஒன்று எலும்புக்கு, ஒன்று கொழுப்புக்கு. அந்தக் கிருமிகள் செய்யாத வேலையே இல்லை என்பதுபோல் அடுக்கினார்.

"நமக்கு ஆள் பத்தலன்னு கிருமியையும் வேலைக்கு எடுத்துட்டாங்க" என்று பக்கத்தில் முணுமுணுத்தார் சிக்னல்காரர். கீழே நின்று வாக்கி டாக்கியில் அவளுக்கு வழி சொல்கிறவர் அவர். அவள் கைக்கு அவர்தான் கண். "அதுங்களுக்கு ஓவர்டைம் கேக்கத் தெரியாது பாரு, தங்கச்சி."

அவள் சிரிக்கவில்லை. திரையில் கடைசியாக வந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றைத் தடுக்கும் ரகம். லாக்டோபேசிலஸ் என்று தொடங்கி நீளமாக ஒரு பெயர். கூட்டம் முடிந்ததும் பெண்களைத் தனியாக வரிசையில் நிற்கவைத்து, ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் நடுவில் நின்று சிரித்தார்.

அந்தப் பெட்டியை அவள் எவ்வளவு நம்பினாள் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நம்பியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. சாவி கேட்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், யார் முகமும் சுளிக்காது. வாயில் போட்டு விழுங்கினால் போதும், அது உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மதியச் சாப்பாட்டோடு தினமும் ஒன்று என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மதியச் சாப்பாடு கூண்டில்தான். அதனால் பெட்டியையும் கூண்டிலேயே, கண்ணாடியோரப் பலகையில் வைத்துக்கொண்டாள். 'ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்கவும்' என்று அதன் முதுகில் அச்சடித்திருந்தது. அதை மட்டும் அவள் செய்யவில்லை. எச்சிலைக் கூட்டி விழுங்கிவிட்டு லீவரைப் பிடித்தாள்.

கொஞ்ச காலம் ஒன்றும் வரவில்லை. புருஷனிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள். பிறகு ஒரு மத்தியானம் முதுகின் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்தது. அந்தக் கொதிக்கிற கூண்டுக்குள் அவளுக்குக் குளிரெடுத்தது. கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. கை நடுங்கினால் கம்பியும் ஆடும்.

"தங்கச்சி, லோடு ஆடுது. என்னாச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க சொல்லிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க."

"சரி. மெதுவா. இடது பக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம். இறக்கு. அப்படியே இறக்கு. வச்சாச்சும்மா, வச்சாச்சு."

கம்பி தரையைத் தொட்ட பிறகுதான் அவள் வாந்தியெடுத்தாள். ஏணியில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

தொற்று மேலேறி சிறுநீரகத்துக்குப் போயிருந்தது. அதே டாக்டர்தான் படுக்கையருகே வந்தார். புருஷன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். "இத தவறாம போட்டுக்கிட்டுதான் இருந்தா டாக்டர். அப்புறம் எப்படி வந்துச்சு?"

டாக்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கிருமிங்களுக்கு ஒரு குடும்பப் பேரு, ஒரு சொந்தப் பேரு, அதுக்கப்புறம் ஒரு நம்பரோ எழுத்தோ இருக்கும். அந்தக் கடைசி அடையாளம்தான் ரகம். பேரு ஒண்ணா இருந்தாலும் ரகம் வேறன்னா வேலையும் வேற. சளிக்குக் கொஞ்சம் உதவுறதா சோதனையில தெரிஞ்ச ரகம் சிலது இருக்கு. பெண்களுக்கு வர்ற இந்தத் தொற்றுக்கும் ஒண்ணு ரெண்டு ரகத்த வச்சு சோதிச்சிருக்காங்க. சிலருக்குக் குறைஞ்சுது, சிலருக்குக் குறையல. இன்னும் உறுதியா சொல்ல முடியாது. இந்தப் பெட்டியில ரகமே போடல. ஒருத்தர் வாங்கின நல்ல பேர, அதே பேருள்ள இன்னொருத்தர் நெத்தியில ஒட்டுன மாதிரி."

"அப்ப இது சுத்தப் பொய்யா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"கிருமி பொய்யில்லம்மா. எந்த ரகம், எந்த வேலைக்கு, எவ்வளவுன்னு சொல்லாம விக்கிறதுதான் பொய். சரி, இத எங்க வச்சிருந்தீங்க?"

"கூண்டுலதான்."

"வெயில்லயா?"

"அங்க நெழலே கெடையாது டாக்டர்."

டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். "இது உயிருள்ள சமாச்சாரம். அந்தச் சூட்டுல செத்துப் போயிருக்கும். நீங்க முழுங்கினது பெரும்பாலும் பொணம்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "ஆனா உயிரோட இருந்திருந்தாலும், நாள் முழுக்க தண்ணி குடிக்காம, அடக்கி வச்சுக்கிட்டு இருந்தா எந்தக் கிருமியும் ஒண்ணும் கிழிக்க முடியாது. இன்னொரு தடவ இப்படி வந்தா சிறுநீரகம் தாங்காது. வேலைய மாத்துங்க, இல்ல அந்த இடத்த மாத்துங்க."

அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். வேலையை மாற்றுவதா? அந்த நினைப்பே தொற்றைவிட அதிகமாக எரிந்தது.

உடம்பு தேறித் திரும்பிய அன்று நேரே அலுவலகத்துக்குப் போனாள். மேனேஜர் அனுதாபமாகத்தான் பேசினார்.

"நிர்வாகம் என்னம்மா கொற வச்சுது? மாத்திரையே வாங்கிக் குடுத்தோமே."

"வாங்கிக் குடுத்தீங்க சார். அதுல, ஒரு முழு டம்ளர் தண்ணியோட முழுங்கணும்னு போட்டிருக்கு. அந்தத் தண்ணிய எங்க விடுறதுன்னு போடல."

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"சாவி குடுங்க. நீலக் கூண்டு சாவி."

"அது விசிட்டருக்கு. உங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. எல்லாருக்கும்தான் வருது."

மேனேஜரின் முகம் மாறியது. "இப்படி அடிக்கடி இறங்கணும்னா உங்களுக்கு அந்த வேலை சரிப்பட்டு வராதும்மா. ஸ்டோர்ல உக்காருங்க. சம்பளம் கொஞ்சம் கொறையும், ஆனா நிழல். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவர் மேஜையில் வைத்தாள். "சார், இதுக்குள்ள இருந்த கிருமி அந்தக் கூண்டுச் சூட்டுல செத்துப்போச்சாம். டாக்டர் சொன்னாங்க. கண்ணுக்கே தெரியாத ஜந்து, அதாலயே அங்க உயிரோட இருக்க முடியல. அங்கதான் என்ன உக்கார வச்சிருக்கீங்க."

அறையில் இருந்த இன்ஜினியர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதில் இல்லாதவர்கள் கடைசியில் கேலியைத்தான் எடுப்பார்கள். மேனேஜரும் எடுத்தார்.

"அதுக்காக ஒங்களுக்கு ஆகாசத்துல கக்கூஸ் கட்டித் தர முடியுமா? வேணும்னா அந்த நீலக் கூண்ட நீங்களே தூக்கிட்டுப் போய் மேல வச்சுக்கங்க."

அங்கே ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சிக்னல்காரரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"வேலை போயிடும் தங்கச்சி. ரெண்டு பேருக்கும்."

"தெரியும்ணே. உங்களுக்கு வேண்டாம்னா நான் வேற ஆள..."

"யாரு வேண்டாம்னது?" என்று எரிந்து விழுந்தார். "அன்னைக்கு நீ குளிர்ல நடுங்குனியே, அந்தக் கம்பிக்குக் கீழ நின்னது யாரு? நான்தான நின்னேன். ஒனக்கு ஒண்ணுக்குப் போக எடமில்லன்னா, மொதல்ல என் தலையிலதான் விழும். இது யாருக்கும் வெளங்கல."

மேல் தளத்துக்குக் கான்கிரீட் போடவேண்டிய நாளில் அது நடந்தது. அன்று அவள் பையில் தண்ணீர் பாட்டிலும் மேலே போனது. லாரிகள் உருளையைச் சுழற்றிக்கொண்டே வாசலில் வரிசை கட்டி நின்றன. மேனேஜர் லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். கழிவை உறிஞ்சும் வண்டி காலையில்தான் வந்து நீலக் கூண்டின் தொட்டியைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. கிரேனால் தூக்குவதற்கென்றே அதன் கூரையில் நாலு வளையங்கள் இருந்தன. அத்தனை நாளும் அவை வானத்தைப் பார்த்துச் சும்மா இருந்தன.

சிக்னல்காரர் வளையங்களில் வடத்தை மாட்டினார். இழுத்துப் பார்த்தார். கதவில் தட்டினார். "பூட்டுதான் தொங்குது, உள்ள யாருமில்ல. ஆனாலும் கேட்டுக்கிறது நல்லது" என்றார் வாக்கி டாக்கியில். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, எப்போதும் சொல்வதுபோல் சொன்னார். "தூக்கு."

நீலக் கூண்டு தரையை விட்டு எழும்பியது. மேனேஜரின் ஜன்னலைத் தாண்டி, கம்பி கட்டுகிறவர்களின் தலைக்கு எட்டாத தூரத்தில், ஆடாமல் அசையாமல் மேலே போனது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். மேனேஜர் ஓடிவந்து ஒரு இன்ஜினியரின் வாக்கி டாக்கியைப் பிடுங்கினார்.

"இறக்குங்க. ஒடனே கீழ இறக்குங்க அத."

"சார், லோடு அந்தரத்துல இருக்கும்போது சிக்னல்காரர் பேச்ச மட்டும்தான் கேக்கணும்" என்றது அவள் குரல். "ஏணிக்குப் பக்கத்துல போர்டு வச்சிருக்கீங்க. உங்க கையெழுத்து இருக்கு."

மேனேஜர் சிக்னல்காரரைப் பார்த்தார். சிக்னல்காரர் மேலே பார்த்தார். "இன்னும் மேல" என்றார். "வலது பக்கம். மெதுவா. இறக்கு. வச்சாச்சு."

கிரேனின் பாலம் வந்து சேர்கிற மேல் தளத்தின் மூலையில், போன மாதம் போட்டு இறுகிய இடத்தில், நீலக் கூண்டு உட்கார்ந்தது. அங்கே நின்ற கம்பி கட்டுகிறவர்கள் வடத்தைக் கழற்றிவிட்டார்கள். அவள் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தால் அதன் கூரை தெரியும். கொஞ்சம் ஏணி, ஒரு பாலம், அவ்வளவுதான். ஆனால் பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"கான்கிரீட்ட எடுங்க" என்று கத்தினார் மேனேஜர். "லாரி நிக்குது."

"சாவி மேல வந்தா கான்கிரீட் மேல வரும் சார்."

மேனேஜர் மாற்று ஆபரேட்டரைக் கூப்பிட்டார். அவர் ஏணியடி வரைக்கும் வந்தார், நிமிர்ந்து பார்த்தார், நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு எனக்குத் தலை சுத்துது சார்" என்றார். "ஆம்பளைங்களுக்கும் சுத்தும் போல."

லாரியின் உருளை சுழன்றுகொண்டே இருந்தது. லாரிக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கூட்டிப் பெருக்குகிற பெண்கள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு, கிரேனின் அடியில் வந்து நின்றார்கள். மேனேஜர் அவர்களைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், பிறகு அலுவலகத்துக்குள் போனார். இழுப்பறையை இழுத்த சத்தம் வெளியே கேட்டது.

கொக்கி இறங்கிவந்தது. எவ்வளவோ கம்பியைத் தூக்கிய அந்தக் கொக்கியில், சிக்னல்காரர் சின்னச் சாவி ஒன்றைக் கயிற்றால் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "தூக்கு" என்றார். அது மெதுவாக மேலே போனது.

அவள் கூண்டைவிட்டு இறங்கிப் பாலத்தைத் தாண்டிப் போய், கொக்கியிலிருந்து சாவியை அவிழ்த்ததை எல்லோரும் பார்த்தார்கள். நீலக் கதவு திறந்தது, மூடியது, திறந்தது. அவள் கதவைப் பூட்டவில்லை. சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஏணியில் ஏறினாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்காருவது தெரிந்தது. ஆனால் கொக்கி நகரவில்லை. மேனேஜர் கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சிக்னல்காரர் வாக்கி டாக்கியை வாயருகே வைத்தார்.

"என்னம்மா, கான்கிரீட் பக்கெட்டத் தூக்கலாமா?"

வாக்கி டாக்கி கரகரத்தது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"இருங்கண்ணே. தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன்."